நன்னீர் நத்தை: கணக்கில் வராத ஓர் அறுவடை

ஆடி மாத மழை பெய்து கங்கைச் சமவெளியின் தாழ்நிலங்களில் நீர் பரவியதும், மேற்கு வங்கத்திலும் வட பீகாரிலும் காலை வேளைகளில் ஒரு காட்சியைக் காணலாம். முழங்கால் அளவு நீரில் பெண்களும் சிறுவர்களும் குனிந்தபடி நடந்து செல்வர். கால் விரல்களால் சேற்றைத் துழாவி, கைக்குத் தட்டுப்பட்டவற்றை எடுத்து இடுப்பில் கட்டிய துணியிலோ மூங்கில் கூடையிலோ இடுவர். அவர்கள் பொறுக்குவது நன்னீர் நத்தை. அன்று வீட்டில் சோற்றுக்குக் குழம்பாவதும், மிஞ்சியது சந்தையில் விலைபோய் உப்புக்கும் எண்ணெய்க்கும் ஆவதும் அந்த நத்தையே.

இந்த அறுவடை எத்துணைக் குடும்பங்களுக்கு உணவளிக்கிறது என்று கேட்டால், அரசு ஏடுகளில் நேரான விடை கிடைப்பதில்லை. 2011-12-ம் ஆண்டில் நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வின் குடும்ப நுகர்வுச் செலவுப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். அதில் மீன், முட்டை, ஆட்டிறைச்சி, கோழியிறைச்சி ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிகள் உண்டு. அவற்றின் இறுதியில் 'பறவை, நண்டு, சிப்பி, ஆமை முதலியன' என்ற பொருள்பட ஒரே ஒரு வரி உள்ளது. நத்தை அந்த 'முதலியன'வுக்குள் அடங்கிவிடுகிறது. எண்ணப்படாத பொருளுக்குத் திட்டத்தில் இடமில்லை. திட்டத்தில் இடமில்லாத பொருள் அழிந்தாலும் எவரும் அறிவதில்லை. நத்தையின் வாழ்க்கை முறை, அதன் உணவுப் பயன், மருத்துவப் பயன், அதனால் வரக்கூடிய தீங்கு, அது குறைந்து வருவதற்கான காரணங்கள் ஆகியவற்றை எடுத்துக்கூறி, ஊராட்சி அளவில் செய்யத்தக்கவை யாவை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உண்ணத்தக்க இனங்கள்

இந்தியாவின் நன்னீர் மெல்லுடலிகள் பற்றி இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சார்பில் என். வி. சுப்பாராவ் எழுதிய கையேடு 1989-ம் ஆண்டில் வெளிவந்தது. அக்கையேடு விவரிக்கும் பல இனங்களுள் உணவுக்காகப் பெருமளவில் எடுக்கப்படுபவை இரண்டு. முதலாவது பைலா குளோபோசா எனப்படும் ஆப்பிள் நத்தை. உருண்டு திரண்ட ஓட்டையுடைய இது, முழு வளர்ச்சியில் ஐந்து சென்டிமீட்டர் அளவை எட்டும். கல்லூரிகளில் விலங்கியல் பயின்ற எவரும் இதனை அறிவர். பேனி பிரசாத் எழுதி 1932-ம் ஆண்டில் இந்திய விலங்கியல் நூல்வரிசையில் வெளியான 'பைலா' என்னும் நூல் நெடுங்காலம் மாணவர்களுக்கு வழிகாட்டியாக விளங்கியது. இரண்டாவது பெல்லாமியா பெங்காலென்சிஸ். இது சற்றுச் சிறியது, கூம்பு வடிவமானது, பச்சை கலந்த பழுப்பு ஓட்டின் மேல் கருமையான கோடுகள் வரிவரியாக ஓடும்.

மக்கள் இவற்றுக்கு வழங்கும் பெயர்கள் பலவாகும். வங்காளத்தில் பெரியதை ஷாமுக் என்றும், சிறியதைக் குக்லி என்றும் அழைப்பர். இந்தி வழங்கும் பகுதிகளில் கோங்கா என்பது பொதுப்பெயர். மிதிலைப் பகுதியில் டோகா என்பர். மணிப்பூரில் தரோய் என்பது இதன் பெயர். நாகாலாந்துச் சந்தைகளில் உயிருள்ள நத்தைகள் நீர் நிறைந்த பாத்திரங்களில் விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சாந்தால், முண்டா, ஓராவோன் முதலிய பழங்குடி மக்களின் உணவிலும் நத்தைக்கு இடமுண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நீரில் வாழும் நத்தைகள் அனைத்தும் உணவுக்கு உரியவை அல்ல. மெல்லிய ஓடுடைய லிம்னேயா, தட்டையாகச் சுருண்ட இண்டோபிளானார்பிஸ் ஆகியவை கால்நடைகளைத் தாக்கும் தட்டைப்புழுக்களைப் பரப்புபவை. இவற்றை இனங்காண எளிய வழி உண்டு. பைலாவும் பெல்லாமியாவும் ஆபத்து நேரும்போது ஓட்டின் வாயைக் கெட்டியான ஒரு மூடியால் அடைத்துக்கொள்ளும். லிம்னேயாவுக்கும் இண்டோபிளானார்பிசுக்கும் அத்தகைய மூடி இல்லை. தோட்டங்களில் பயிரை அழிக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தை முற்றிலும் வேறானது. அது நிலத்தில் வாழ்வது. அதற்கும் மூடி கிடையாது. 1847-ம் ஆண்டில் மொரீஷியசிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கொல்கத்தாவின் சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்ட சில நத்தைகளிலிருந்தே அது இந்நாட்டில் பரவத் தொடங்கிற்று.

வாழ்க்கை முறை

அறுவடையை ஒழுங்குபடுத்த விரும்புவோர் முதலில் உயிரினத்தின் வாழ்க்கை முறையை அறிந்திருத்தல் வேண்டும். ஆப்பிள் நத்தை இருவாழ்வி என்று சொல்லத்தக்கது. நீரினுள் சுவாசிக்கச் செவுளும், காற்றைச் சுவாசிக்க நுரையீரல் போன்ற பையும் அதற்கு உண்டு. குளம் வற்றும் காலத்தில் அது ஈரச் சேற்றினுள் புதைந்து, மூடியை இறுக அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அசைவற்றுக் கிடக்கும். இதனைக் கோடை உறக்கம் என்பர். முதல் பெருமழை பெய்து நிலம் நனைந்ததும் அது விழித்தெழுந்து இணைசேரும். பின்னர்ப் பெண் நத்தை நீரைவிட்டு வெளியேறிக் கரையின் ஈர மண்ணில் சிறு குழியில் முட்டையிடும். ஒரு தொகுதியில் 200 முதல் 800 முட்டைகள் வரை இருக்கும். சில வாரங்களில் முழு உருவம் பெற்ற சிறு நத்தைகள் வெளிவந்து நீரை நாடிச் செல்லும். நீர்ச்செடிகளே இதன் முக்கிய உணவு.

பெல்லாமியா முட்டையிடுவதில்லை. கருக்கள் தாயின் உடலினுள்ளேயே வளர்ந்து, ஓட்டுடன் கூடிய குஞ்சுகளாக வெளிவருகின்றன. கருவுற்ற நத்தையை உண்ணும்போது பல்லில் மணல்போல் நறநறப்பவை இந்தக் குஞ்சுகளின் ஓடுகளே. பாசியையும், நீரடியில் படியும் மக்கிய பொருள்களையும் சுரண்டி உண்பதால், குளத்தைத் துப்புரவு செய்யும் பணியும் இதனால் நடைபெறுகிறது.

இவ்விரு செய்திகளும் நடைமுறையில் முக்கியமானவை. ஆப்பிள் நத்தை பெருக வேண்டுமானால் நீர் மட்டும் இருந்தால் போதாது. நீரின் ஓரத்தில் ஈரமான மண்கரையும், கோடையில் புதைந்துகொள்ளச் சேறும் வேண்டும். பெல்லாமியா பெருக வேண்டுமானால், மழைக்காலத்தில் கருவுற்ற பெண் நத்தைகளில் ஒரு பகுதியேனும் நீரில் விடப்பட வேண்டும்.

நத்தையை நம்பி வாழ்வது மனிதன் மட்டுமன்று. தமிழில் நத்தைகுத்தி நாரை என்று பொருத்தமாகப் பெயரிடப்பட்ட பறவைக்கு ஆப்பிள் நத்தையே தலையாய உணவு. மூடிய அலகின் நடுவே இடைவெளியுள்ள இப்பறவைகள், மேற்கு வங்கத்தின் ராய்கஞ்ச் நகரையடுத்த குலிக் சரணாலயத்தில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஆயிரக்கணக்கில் கூடிக் கூடுகட்டுகின்றன. குஞ்சுகளுக்கு இரை தேடி அவை செல்வது சுற்றியுள்ள வயல்களுக்கும் தாழ்நிலங்களுக்குமே. நாரைகள் இரை தேடும் அதே நீரில்தான் கிராமத்துப் பெண்களும் கூடையுடன் இறங்குகின்றனர்.

அறுவடையும் விற்பனையும்

நத்தை எடுக்க முதலீடு தேவையில்லை. படகோ வலையோ இல்லாதவரும் இத்தொழிலில் ஈடுபட முடியும். மழைக்காலத்தில் ஆழமற்ற நீரில் கையால் பொறுக்குவதும், நீரில் கிடக்கும் ஓலை, மட்டை, மூங்கில் ஆகியவற்றில் ஒட்டியிருப்பவற்றை உதிர்த்தெடுப்பதும் வழக்கம். கோடையில் வறண்ட குளத்தின் சேற்றைக் கிளறி, உறங்கும் நத்தைகளைத் தோண்டியெடுப்பர். இவ்வேலையில் பெரும்பகுதியைச் செய்வோர் பெண்கள், அவர்களுள்ளும் நிலமற்ற குடும்பத்தினர். வட பீகாரின் சௌர் எனப்படும் தாழ்நிலங்களிலும், மேற்கு வங்கத்தின் பீல் எனப்படும் நீர்ப்பரப்புகளிலும் நடவு முடிந்து அறுப்பு தொடங்காத இடைக்காலத்தில் விவசாயக் கூலி வேலை குறைகிறது. நத்தை மிகுதியாகக் கிடைப்பது அந்த இடைக்காலத்தில்தான். கூலி இல்லாத மாதத்தில் ஏழைக்குக் கைகொடுப்பது என்பதே இந்த அறுவடையின் தனிச்சிறப்பாகும்.

விற்பனை பெரும்பாலும் வாரச்சந்தையிலும் தெருவோரத்திலும் நடைபெறுகிறது. ஓட்டுடனும் விற்பர், ஓடு நீக்கிய சதையாகவும் விற்பர். ஓடும் வீணாவதில்லை. அதன் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் ஆதலால், சுட்டுச் சுண்ணாம்பாக்குவதற்கும், பொடித்துக் கோழித் தீவனத்தில் சேர்ப்பதற்கும் பயன்படுகிறது. வாத்து வளர்ப்போர் சிறு நத்தைகளை அப்படியே தீவனமாக இடுகின்றனர்.

சமூகத்தில் நிலவும் ஓர் எண்ணமும் இங்குக் குறிப்பிடத்தக்கது. நத்தையுண்பது தாழ்வு என்று கருதுவோர் பல இடங்களில் உள்ளனர். பீகாரின் முசகர் சமூகத்தினர் போன்ற மிக வறிய மக்களின் உணவு என்று இது இகழப்படுவதும் உண்டு. இதன் விளைவாக, வெளியிலிருந்து வரும் அலுவலர் கேட்கும்போது, நத்தையுண்ணும் குடும்பமே அதனை மறைத்துவிடுகிறது. படிவத்தில் இடமில்லாதது ஒரு குறை. இடமிருந்தாலும் உண்மை வெளிவராதது மற்றொரு குறை.

உணவுச் சிறப்பு

நத்தைச் சதையில் நீரின் பங்கே அதிகம். எனினும் 100 கிராம் சதையில் ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் வரை புரதம் உள்ளது. கொழுப்பு மிகக் குறைவு. சுண்ணாம்புச்சத்து மற்ற இறைச்சிகளைவிடப் பன்மடங்கு அதிகம். இரும்புச்சத்தும் உண்டு. சோற்றையே பெரிதும் நம்பி வாழும் குடும்பத்தில் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் குறைவுபடுவன புரதமும், சுண்ணாம்புச்சத்தும், இரும்புச்சத்துமே. இக்குறையைச் செலவின்றி ஓரளவு ஈடுசெய்வது நத்தை. நத்தையின் குருதியில் உயிர்வளியைச் சுமப்பது இரும்பன்று, செம்பு அடங்கிய ஹீமோசயனின் என்னும் பொருளாகும். ஆதலின் அக்குருதி இலேசான நீல நிறமுடையது. குருதியின் நிறத்தைக் கண்டு சதை கெட்டுவிட்டது என்று கருத வேண்டியதில்லை.

சமைப்பதற்கு முன் நத்தைகளைத் தூய நீரில் ஓரிரு நாள் விட்டுவைப்பர். அவை உட்கொண்ட சேறு அப்போது வெளியேறும். நீரை இரண்டு மூன்று முறை மாற்றுதல் வேண்டும். மூடியைத் திறக்காமல் மிதப்பவற்றையும், தொட்டால் உள்ளிழுத்துக்கொள்ளாதவற்றையும் எறிந்துவிட வேண்டும். பின்பு ஓட்டை நன்கு தேய்த்துக் கழுவி, நீரில் கொதிக்க வைத்து, மூடியை அகற்றி, முள்ளாலோ ஊசியாலோ சதையை வெளியே எடுப்பர். குடல் பகுதியை நீக்கி, கெட்டியான பாதத்தை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. உப்பும் மஞ்சளும் இட்டுப் பிசைந்து கழுவினால் வழவழப்பு நீங்கும். வங்காளத்திலும் மிதிலையிலும் கடுகெண்ணெயில் வெங்காயம், பூண்டு, மிளகாய் சேர்த்து வதக்கி, உருளைக்கிழங்குடன் குழம்பாக்குவர். நாகாலாந்தில் புளிக்கவைத்த சோயா மொச்சையுடன் சமைப்பது வழக்கம்.

மருந்து: மரபும் சான்றும்

நத்தையை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் பழைமையானது. ஆயுர்வேதத்தில் நத்தை சம்பூகம் எனப்படும். அதன் ஓட்டைப் புடமிட்டுப் பெறும் சம்பூக பஸ்மம் உணவுக்குப் பின் தோன்றும் வயிற்றுவலிக்குத் தரப்படுகிறது. தமிழகத்தின் சித்த மருத்துவத்தில் நத்தை பற்பம் மூல நோய்க்கு உரியதாகக் கருதப்படுகிறது. வயல் நத்தையைச் சமைத்துண்டால் மூலம் தணியும் என்னும் நம்பிக்கையும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரவலாக உண்டு. கிழக்கு இந்தியாவின் நாட்டு மருத்துவத்தில் குக்லிச் சாறு மூட்டுவலி, ஆஸ்துமா, உடல் தளர்ச்சி ஆகியவற்றுக்கும், சில இடங்களில் கண்நோய்க்கும் பயன்படுத்தப்படுகிறது.

இவற்றை எவ்வாறு மதிப்பிடுவது? மரபை முழுவதும் தள்ளிவிடுவதும் தவறு. ஆராயாமல் ஏற்பதும் தவறு. சுண்ணாம்புச்சத்து மிக்க பற்பம் வயிற்றின் மிகை அமிலத்தைத் தணிக்கக்கூடும் என்பது வேதியியலுக்கு ஒத்ததே. பெல்லாமியாச் சதையின் சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்து வீக்கம், மூட்டழற்சி முதலியவற்றில் அதன் விளைவை மேற்கு வங்க ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர். ஆனால் விலங்குச் சோதனை ஒன்றை மட்டும் கொண்டு மனிதனுக்கு மருந்து என்று அறிவித்துவிட இயலாது. நோயாளிக்கு உண்மையில் கிடைப்பது பல வேளைகளில் நல்ல உணவின் பயனே. சத்துக் குறைவால் தளர்ந்தவர் சில வாரம் புரதமும் இரும்பும் பெற்றால் தேறுவது இயல்பு.

ஒரு வழக்கத்தை மட்டும் திட்டவட்டமாகக் கைவிடச் செய்தல் வேண்டும். நத்தையின் உடல் நீரைப் பச்சையாகக் கண்ணில் விடுவதே அது. குளத்து நீரிலுள்ள கிருமிகள் கண்ணைப் பறித்துவிடக்கூடும். மாலைக்கண் நோய் பெரும்பாலும் வைட்டமின் 'ஏ' குறைவால் வருவது. அதற்குரிய மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது. சிப்பி, இறால் போன்றவை ஒவ்வாதவர்களுக்கு நத்தையும் ஒவ்வாமல் போகலாம் என்பதையும் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

தீங்கு எங்கே உள்ளது?

நத்தை தூயதாக இருப்பினும் அதனுள் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும். எலியின் நுரையீரலில் வாழும் ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் என்னும் உருளைப்புழுவின் இளம் பருவம் நத்தைகளில் வளர்கிறது. அத்தகைய நத்தையை வேகாமல் உண்டால், அப்புழு மனிதனின் மூளையுறையை அடைந்து அழற்சியை உண்டாக்கும். எக்கினோஸ்டோம் வகையைச் சேர்ந்த குடல் தட்டைப்புழுக்களும் நத்தை வழியாக மனிதரை வந்தடைகின்றன. வயிற்றுவலி, பேதி, சோகை ஆகியவை இதன் அறிகுறிகள். நீரில் விளையாடும் சிறுவர்கள் நத்தையைப் பச்சையாகவோ தீயில் இலேசாகச் சுட்டோ உண்பதுதான் இந்நோய்க்கு முக்கிய வாயில். நன்றாக வேகவைத்தால் இப்புழுக்கள் அனைத்தும் மடிந்துவிடும். சதை முழுவதும் வெந்திருக்கும்படி, நீர் கொதிக்கத் தொடங்கியபின் குறைந்தது பத்து நிமிடம் வேகவைப்பது பாதுகாப்பான வழி.

வேகவைத்தும் நீங்காத தீங்கு ஒன்று உண்டு. ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களை நத்தை தன் உடலில் சேர்த்துவைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலின் ஆலைக்கழிவு கலக்கும் வாய்க்கால்களிலும், நகரச் சாக்கடை ஓடைகளிலும் எடுக்கப்படும் நத்தை உணவுக்கு ஏற்றதன்று.

குறைந்து வருவது ஏன்?

கையால் பொறுக்கும் பெண்ணால் ஒரு நீர்நிலையின் நத்தைகள் அழிந்துவிடுவதில்லை. அவள் கைக்குத் தப்புபவை எப்பொழுதும் உண்டு. சிறியவற்றை அவளே விட்டுவிடுகிறாள். அழிவுக்குக் காரணங்கள் வேறு.

முதலாவது, நீர்நிலைகள் சுருங்குவது. தாழ்நிலங்கள் வடிக்கப்பட்டு வயலாகின்றன. நகரை அடுத்த குளங்கள் மண்ணிட்டு மேடாக்கப்படுகின்றன. கோடை நெல்லுக்காகப் பீல்களின் நீர் இறைக்கப்படுவதால், நத்தை புதைந்துகொள்ளும் சேறும் காய்ந்து வெடித்துவிடுகிறது. இரண்டாவது, வயலில் தெளிக்கும் பூச்சிமருந்துகள் நீருடன் வடிந்து நீர்நிலைகளைச் சேர்வது. மூன்றாவது, மீன்வளர்ப்புக்காகக் குளத்தைத் தயார்செய்யும் முறை. கெண்டைக் குஞ்சுகளை விடுவதற்கு முன் குளத்திலுள்ள வேண்டாத மீன்களை ஒழிக்க ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு இடுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. அதிலுள்ள சபோனின் மீன்களைக் கொல்வதோடு நத்தைகளையும் பாதிக்கிறது. நான்காவது, கரைகளுக்குச் சிமென்ட் பூசுவது. 2022-ம் ஆண்டில் மாவட்டத்துக்கு 75 குளங்கள் என்ற இலக்குடன் அமிர்த சரோவர் இயக்கம் தொடங்கப்பட்டது. குளங்களைத் தோண்டுவதும் புதுப்பிப்பதும் பெரிதும் போற்றத்தக்க பணி. ஆனால் நான்கு புறமும் கல்லும் சிமென்ட்டும் பதித்த குளத்தில், ஆப்பிள் நத்தை முட்டையிட ஒரு கைப்பிடி ஈரமண் கிடைப்பதில்லை.

ஐந்தாவது காரணம் வாணிகம். அண்டை நாடான வங்கதேசத்தின் குல்னா, பாகேர்ஹாட் பகுதிகளில் நன்னீர்ப் பெரிய இறால் வளர்ப்பு பரவியபோது, இறாலுக்குத் தீவனமாக நத்தைச் சதை பெருமளவில் பயன்பட்டது. தொலைவிலுள்ள பீல்களிலிருந்தெல்லாம் நத்தைகள் மூட்டை மூட்டையாக வாரிச் செல்லப்பட்டன. ஒரு குடும்பம் கூடையளவு எடுப்பதற்கும், வணிகர் வண்டியளவு வாரிச் செல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த அனுபவம் நமக்கு உணர்த்துகிறது. ஏழையின் தட்டிலிருந்து எடுத்து ஏற்றுமதி இறாலுக்கு ஊட்டும் நிலை நம் நாட்டில் ஏற்படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தில் உள்ள இடைவெளி

1992-ம் ஆண்டின் 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 11-வது அட்டவணையைச் சேர்த்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க துறைகளுள் மீன்வளம் 5-வது. சிறு வனப்பொருள்கள் 7-வது. நத்தை மீனும் அன்று, வனப்பொருளும் அன்று. மீன்துறை அலுவலர் அதனைத் தம் பொறுப்பாகக் கருதுவதில்லை. வேளாண்துறையோ பயிருக்குத் தீங்கா என்று மட்டுமே பார்க்கிறது.

2017-ம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள் நெல்வயல்களையும், மீன்வளர்ப்புக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் ஈரநிலம் என்னும் வரையறையிலிருந்து விலக்குகின்றன. நத்தை மிகுதியாக வாழ்வதோ அவ்விடங்களிலேயே. மேற்கு வங்கத்தில் மட்டும் 1984-ம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, 5 கட்டா அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பரப்பைத் தூர்ப்பதைத் தடுக்கிறது. கிராமப் பொதுக்குளங்களைத் தனியார் கைப்பற்றுவதைக் கண்டித்து, அவற்றை மீட்டு ஊருக்குத் திரும்ப ஒப்படைக்குமாறு ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-ம் ஆண்டில் மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

குளம் தூர்க்கப்படாமலே உரிமை பறிபோவதும் உண்டு. பொதுக்குளம் மீன்வளர்ப்புக்காக ஏலம் விடப்பட்டால், ஏலம் எடுத்தவர் காவல் வைக்கிறார். நேற்றுவரை நத்தை எடுத்த பெண் இன்று அத்துமீறியவள் ஆகிறாள். ஏலத்தொகை ஊராட்சியின் வரவேட்டில் பதிவாகிறது. அவள் இழந்த உணவு எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை.

மீன்வளர்ப்பால் புரத உற்பத்தி பெருகுவதும், ஊராட்சிக்கு வருவாய் கிடைப்பதும் உண்மையே. நாற்றங்கால் குளங்களில் நத்தை பெருகுவது விரும்பத்தக்கதன்று என்பதும் உண்மையே. ஆயினும் பெருமீன் வளர்க்கும் கிராமக் குளங்களில் கெண்டையும் நத்தையும் ஒன்றாக வாழ முடியும். ஆதலின் மீன் வேண்டுமா, நத்தை வேண்டுமா என்ற கேள்விக்கு இடமில்லை. ஏலப் பத்திரத்தை எழுதும்போது இரண்டுக்கும் இடம் வைப்பதே வேண்டுவது.

செய்யத்தக்கவை

1. கணக்கெடுப்பு: 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி உள்ளாட்சிகள் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களை அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்கின்றன. எந்த நீர்நிலையில், எந்த மாதங்களில், எத்தனை குடும்பங்கள் நத்தை எடுக்கின்றன என்பதை அப்பதிவேட்டில் எழுதலாம். விவரம் சேகரிப்பவர் அதே ஊரைச் சேர்ந்த பெண்ணாக இருப்பின் உண்மை வெளிவரும்.

2. ஏல நிபந்தனை: பொதுக்குளத்தைக் குத்தகைக்கு விடும்போது, வீட்டுத் தேவைக்காகக் கையால் நத்தை எடுக்கும் உரிமை கிராமத்து ஏழைகளுக்கு உண்டு என்ற ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்க்கலாம். இழுவலையால் மொத்தமாக வாருவதை அதே பத்திரத்தில் தடைசெய்யலாம்.

3. குள அமைப்பு: புதுப்பிக்கப்படும் குளங்களில் ஒரு புறமாவது சரிவான மண்கரையாக விடப்பட வேண்டும். தூர்வாரும்போது ஒரு மூலையின் சேற்றை அகற்றாமல் விட்டால், உறங்கும் நத்தைகள் பிழைத்து மறு ஆண்டு பெருகும்.

4. அறுவடை ஒழுங்கு: சிறு நத்தைகளை விட்டுவிடுவது, முதல் மழைக்குப் பிந்திய சில வாரங்களில் கரையோர முட்டைக் குழிகளைக் கலைக்காதிருப்பது ஆகியவற்றைக் கிராம சபை முடிவுசெய்து அறிவிக்கலாம்.

5. சுகாதாரக் கல்வி: பச்சையாக உண்ணலாகாது, கண்ணில் விடலாகாது, கழிவு நீரில் எடுக்கலாகாது என்னும் மூன்று செய்திகளையும் அங்கன்வாடி ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் எளிதாகப் பரப்ப முடியும்.

6. ஆராய்ச்சி: 1947-ல் தோன்றிய பாரக்பூர் உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையமும், புவனேசுவரத்திலுள்ள நன்னீர் மீன்வளர்ப்பு நிலையமும் நம்மிடம் உள்ளன. நாட்டு நத்தைகளைக் கொல்லைக் குளங்களில் வளர்க்கும் எளிய முறைகள் ஆராயப்பட்டுப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்குக் கற்பிக்கப்பட வேண்டும். ஆனால் வளர்ப்புக்கென வெளிநாட்டு இனங்களைக் கொணர்தல் ஆகாது. தென் அமெரிக்கத் தங்க ஆப்பிள் நத்தை உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர்த் தென்கிழக்கு ஆசிய நெல்வயல்களை அழிக்கும் பகையாக மாறியதை மறத்தலாகாது.

முடிவுரை

மேற்கூறியவற்றுள் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. ஏலப் பத்திரத்தில் ஒரு வரி, பதிவேட்டில் ஒரு பக்கம், குளக்கரையில் சில அடி மண் ஆகியவையே வேண்டுவன. கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர்கள் தம் வினாப்படிவத்தில் 'முதலியன' என்று எழுதுமுன், அச்சொல்லுக்குள் யாருடைய உணவு அடங்கியிருக்கிறது என்று கேட்டறிதல் நல்லது. குளத்தை ஏலத்துக்கு அறிவிக்கும் அலுவலர், ஆடி மாதத்தில் ஒருநாள் காலை அக்கரைக்குச் சென்று, கூடையுடன் நீரில் நிற்போர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தபின் கையொப்பமிடுவாராயின், இந்த அறுவடை முதன்முறையாகக் கணக்கில் ஏறும்.